பொழுதுபோக்காக ஒளிப்படம்: வாசகர் கேள்வி – பதில்

வருமானத்துக்காக அல்லாமல் தம் மகிழ்ச்சிக்காகவே படமெடுக்கும் வாசகர்கள் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பல ஒரே ஐயத்தை வெவ்வேறு விதமாக எழுப்பியிருந்ததால், அவற்றைத் தொகுத்துச் சில கேள்விகளாக்கி இங்கே விடை தருகிறேன்.

பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இளமையிலிருந்தே படமெடுக்கும் ஆசை உண்டு. குடும்பப் பொறுப்புகளால் தள்ளிப்போயிற்று. இந்த வயதில் தொடங்கினால் ஏதாவது தேறுமா? முதலிலேயே கேமரா வாங்கிவிட வேண்டுமா?
– வாசகர், கும்பகோணம்

தேறும், இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கல்கத்தாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பெண்மணிக்கு அவருடைய மகளும் மருமகனும் 1863ஆம் ஆண்டு ஒரு கேமராவைப் பரிசளித்தபோது அவருக்கு வயது 48. கண்ணாடித் தகட்டில் இரசாயனக் கரைசலைப் பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்து, உலர்வதற்குள்ளேயே கழுவியும் முடிக்க வேண்டியிருந்த காலம் அது. வீட்டுக் கோழிக் கொட்டகையைப் படப்பிடிப்பு அறையாக மாற்றிக்கொண்டு, டார்வின், கவிஞர் டென்னிசன், வானியலாளர் ஹெர்ஷல் போன்றோரையும், தம் வீட்டுப் பணிப்பெண்களையும், அக்கம்பக்கத்துக் குழந்தைகளையும் அவர் எடுத்த முகப்படங்கள் இன்றும் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1875இல், கணவருக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்த பிறகும் அவர் படமெடுப்பதை விடவில்லை. 1879இல் அங்கேயே காலமானார்.

தொழிலாகப் படமெடுப்பவருக்குப் பெரும்பாலும் கிட்டாத ஒரு செல்வம் உங்களிடம் இருக்கிறது. அதுதான் நேரம். மண்டபத்தில் ஒளி சரியில்லை என்பதற்காகத் திருமணப் படக்காரர் மறுநாள் வர முடியாது, உங்களால் முடியும். உங்கள் ஊரின் பித்தளைப் பாத்திரப் பட்டறையையோ, வெற்றிலைக் கொடிக்காலையோ, மகாமகக் குளப் படிக்கட்டையோ எடுத்துக்கொண்டு, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் வாருங்கள். பட்டறைக்காரர் உங்களுடைய கேமராவை மறந்துவிட்டுத் தம் வேலையில் ஆழ்கிற நாளில்தான் நல்ல படம் கிடைக்கத் தொடங்கும். அதற்குத் திறமையைக் காட்டிலும் பழக்கமே தேவை.

முதல் சில மாதங்களுக்குக் கையிலுள்ள செல்பேசியே போதும். எடுப்பதற்கு முன் அதன் லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். மங்கலான செல்பேசிப் படங்களில் பாதிக்குமேல் விரல் ரேகையின் எண்ணெய்ப் பிசுக்கால் வருபவை என்றே நினைக்கிறேன். திரையில் விரல்களை விரித்துப் பெரிதாக்காமல் நீங்களே நெருங்கிச் செல்லுங்கள். முகத்தை எடுக்கும்போது மட்டும் மிகவும் நெருங்காதீர்கள், ஏனெனில் ஓரடித் தொலைவிலிருந்து எடுத்தால் எவருடைய மூக்கும் பெரிதாகத்தான் தெரியும். எந்தப் படத்தைச் செல்பேசியால் எடுக்க முடியவில்லை என்பது உங்களுக்கே தெளிவாகத் தெரிந்த பிறகு கேமராக் கடைக்குப் போகலாம்.

கேமரா வாங்க ஓரளவு பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். கடைக்காரர் விலை உயர்ந்த கேமராவை வாங்கச் சொல்கிறார். நண்பர்களோ செல்பேசியே போதும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, கோயம்புத்தூர்

இருவர் சொல்வதிலும் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. ஒளியை வாங்கிக்கொள்ளும் உணரியின் பரப்பில்தான் கேமராவுக்கும் செல்பேசிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு அடங்கியிருக்கிறது. முழு அளவு உணரி 36×24 மில்லிமீட்டர். தொடக்க நிலைக் கேமராக்களில் உள்ளது ஏறத்தாழ 23×15 மில்லிமீட்டர். நல்ல செல்பேசியிலும் அதன் நீளம் பத்து மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். நண்பகலில் தெருவில் எடுக்கும் படத்தில் இந்த வேறுபாடு தெரியாது. விளக்கு வெளிச்சத்தில் ஆடும் குழந்தையை எடுக்கும்போதும், தொலைவிலுள்ள பறவையை எடுக்கும்போதும், எடுத்த படத்தைச் சுவரளவு பெரிதாக்கி அச்சிடும்போதும் தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில் எடுத்துக் கைபேசித் திரையிலேயே பார்ப்பவர் நீங்கள் என்றால், சேர்த்த பணத்தில் நான்கு ஊர்களுக்குப் பயணம் போய் வருவது அதிகப் பயன் தரும்.

கேமராதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், லென்ஸ் நீங்கலான கேமரா உடலுக்குக் குறைவாகவும் லென்ஸுக்குக் கூடுதலாகவும் செலவிடுங்கள். கேமராவோடு சேர்த்துத் தரப்படும் 18–55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ், அதன் நீண்ட முனையான 55இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும்; எஃப் எண் சிறியதாக ஆக லென்ஸின் திறப்பு பெரிதாகும். 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். எல்லா நிறுவனங்களின் லென்ஸ் வரிசையிலும் மலிவானவற்றுள் ஒன்றாக இருப்பதும் பெரும்பாலும் இதுதான். இதில் ஜூம் கிடையாது என்பதைக் குறையாகக் கருத வேண்டாம். பெரிதாக்கவும் சிறிதாக்கவும் முடியாதபோது எங்கே நின்று எடுப்பது என்று நாம் யோசிக்கத் தொடங்குகிறோம், அந்தப் பயிற்சி எந்த விலைக்கும் கிடைக்காது. சிறிய உணரியுள்ள கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் சற்று நெருக்கமாகக் காட்டும் என்பதால், வீட்டுக்குள் எடுப்பதே உங்கள் விருப்பம் என்றால் 35 மில்லிமீட்டரைப் பாருங்கள்.

பயன்படுத்திய கேமரா வாங்குவதில் தவறில்லை. லென்ஸைக் கழற்றி, செல்பேசி விளக்கை ஒரு புறமிருந்து அடித்து மறுபுறமிருந்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

காலையிலும் மாலையிலும் பொன்னிற ஒளியில்தான் படமெடுக்க வேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு வேலை முடிந்து நேரம் கிடைப்பதோ நண்பகலில். அப்போது எடுத்தால் முகங்கள் கறுத்து, கண்கள் குழிந்து தெரிகின்றன. என்ன செய்வது?
– வாசகர், மதுரை

பொன்னிற நேரம் பற்றிய அறிவுரைகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அங்கே சூரியன் தொடுவானத்தை ஒட்டிச் சாய்வாக ஏறுவதால் அந்த மென்மையான ஒளி நெடுநேரம் நிற்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் நாட்டில் அது ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது. உதித்த அரைமணி நேரத்துக்குள்ளேயே மென்மை குறையத் தொடங்கிவிடும். அது மட்டுமல்லாமல், சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும், கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும், நண்பகல் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேலேயே நிற்கிறது. கண்குழிகளில் நிழல் விழுவது அதனால்தான். ஆகவே நம் மண்ணில் படமெடுப்பவர் நம் வெயிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதை விலக்கிவிட்டால் பகலில் பெரும்பகுதியை இழந்துவிடுவோம்.

நம் முன்னோர் வெயிலுக்காகவே கட்டிவைத்த இடங்கள் படமெடுப்பதற்கும் மிகச் சிறந்தவை. திண்ணை, தாழ்வாரம், முற்றத்தின் ஓரம், மரத்தடிக் கடை, பேருந்து நிறுத்தக் கூரை ஆகியவற்றின் நிழல் விளிம்பில் ஒருவரை உட்காரவைத்து, வெயில் விழும் தரையை நோக்கி அவரைத் திரும்பச் சொல்லுங்கள். வெயில் தரையில் பட்டுத் தெறித்துக் கீழிருந்து முகத்துக்கு ஏறும்போது கண்குழி நிழல்கள் தாமே கரைந்துவிடும். சுண்ணாம்பு அடித்த சுவர் எதிரே இருந்தால் இன்னும் நல்லது. செம்மண் தரையானால் முகத்தில் இளஞ்சிவப்பு ஏறும், அதுவும் அழகுதான். புதுமண்டபம் போன்ற தூண் வரிசைகளில் ஒளி உள்ளே செல்லச் செல்லக் குறைந்துகொண்டே போவதை, ஒரே ஆளை ஒவ்வொரு தூணருகிலும் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். ஒளியைப் பற்றி எந்த வகுப்பிலும் கற்பதைவிட அதிகம் கற்பீர்கள்.

கடும் நிழலையே படமாக்கவும் முடியும். சந்தையில் சாக்குக் கூரையின் ஓட்டைகள் வழியே விழும் வெயில் வட்டங்கள், மதிலில் விழும் பனையோலை நிழல், தெருவைக் கடப்பவரின் காலடியில் சுருண்டு கிடக்கும் குட்டை நிழல் ஆகியவை நண்பகலுக்கே உரியவை. கறுப்பு வெள்ளையில் இவை வலிமையாக நிற்கும். வெயிலில் உள்ள பகுதிக்கேற்ப ஒளியளவைக் குறைத்து, நிழலைக் கறுப்பாகவே விட்டுவிடுங்கள்.

சிற்பங்களைப் பொறுத்தவரை பொன்னிற நேர விதி தவறாகவே வழிகாட்டும். மாமல்லபுரத்தின் பெரிய புடைப்புச் சிற்பமான அர்ச்சுனன் தபசு கிழக்கு நோக்கியது. கதிரவன் உதிக்கும் வேளையில் ஒளி நேர் எதிரே நின்று அடிப்பதால் நிறம் அழகாக இருக்கும், ஆனால் புடைப்பு தட்டையாகிவிடும். முற்பகலில் சூரியன் மேலேற மேலேற ஒளி பாறையை உரசிக்கொண்டு இறங்கும்போதுதான் யானைகளின் உடல் திரட்சியும், வானோர் வரிசையின் ஆழமும், தவமிருக்கும் பூனையின் விலா எலும்புகளும் எழுந்து வருகின்றன. பத்து, பதினோரு மணிக்கு எல்லோரும் கேமராவைப் பைக்குள் வைக்கும்போது நீங்கள் எடுக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் முழு வானத்தையும் ஒரே விளக்காக்கிவிடுவதால் முகங்களுக்கு நாள் முழுவதும் நல்ல ஒளிதான். அந்தப் பருவத்தை வீணாக்க வேண்டாம்.

எல்லா அமைப்புகளையும் கையாலேயே மாற்றி, மேனுவல் முறையில் எடுப்பவரே உண்மையான ஒளிப்படக் கலைஞர் என்று ஒரு நண்பர் சொல்கிறார். சரியா?
– வாசகர், சேலம்

சரியில்லை. அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளியுணர் திறன்) ஆகிய மூன்றும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்பதைப் புரிந்துகொள்ளவே மேனுவல் முறை பயன்படுகிறது. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்து, ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டரை ஏறத்தாழ நூறில் ஒரு விநாடியில் வையுங்கள் என்ற பழைய கணக்கைக் கொண்டு ஓரிரு வாரம் பயிற்சி செய்தால் அந்த உறவு மனத்தில் பதிந்துவிடும். அதன் பிறகு, அப்பர்ச்சரை நீங்கள் தீர்மானிக்க மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும் முறையிலேயே பெரும்பாலான படங்களை எடுக்கலாம். கண்ணும் மனமும் எதிரிலிருப்பதில் நிற்க வேண்டும்; எண்களில் சிக்கிக்கொண்டவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணுக்குக் குறையக் கூடாது. 200 மில்லிமீட்டர் என்றால் இருநூறில் ஒரு விநாடியாவது வேண்டும்.

இரண்டு ஆண்டுகளாக எடுத்த படங்களை இன்ஸ்டாகிராமில் இட்டு வருகிறேன். விருப்பக்குறிகள் அதிகம் வருவதில்லை. சமீபகாலமாகக் கேமராவைத் தொடவே மனம் வரவில்லை. இந்தச் சோர்விலிருந்து மீள்வது எப்படி?
– வாசகி, சென்னை

உங்கள் கடிதத்தை நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன், ஏனெனில் இதே சோர்வை வேறு பலரும் எழுதியிருந்தார்கள். பார்ப்பவர் இல்லாமல் படமெடுப்பதில் பொருளுண்டா என்பதுதான் நீங்கள் உள்ளூரக் கேட்கும் கேள்வி என்று நினைக்கிறேன். பொருளுண்டு என்பதற்கு இரண்டு வாழ்க்கைகளைச் சொல்கிறேன்.

பிரான்சில் 1894இல் பிறந்த ழாக் ஆன்றி லார்த்திக் சிறுவனாக இருந்தபோது தந்தை வாங்கிக் கொடுத்த கேமராவால் தம் வீட்டாரை எடுக்கத் தொடங்கினார். படிக்கட்டிலிருந்து தாவும் உறவுக்காரப் பெண், அண்ணன் செய்து பறக்கவிட முயன்ற வானூர்தி, தெருவில் சீறிப் பாயும் அக்கால மோட்டார் வண்டி என்று தமக்குப் பிடித்தவற்றை மட்டும் எடுத்து ஆல்பங்களில் ஒட்டி, நாட்குறிப்பும் எழுதி வந்தார். தம்மை ஓவியராகவே கருதிக்கொண்டிருந்த அவருடைய ஒளிப்படங்களை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1963இல் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது 69. அதுவரை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் எவருடைய பாராட்டுக்கும் காத்திராமல் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் படங்களில் ததும்பும் மகிழ்ச்சிக்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

சிகாகோவில் குழந்தைகளைப் பராமரிக்கும் வேலை பார்த்த விவியன் மேயர், குழந்தைகளை அழைத்துக்கொண்டு நடக்கும்போதெல்லாம் கழுத்தில் ரோலிஃப்ளெக்ஸ் கேமராவை மாட்டிக்கொண்டு தெருக்களை எடுத்தார். அவர் வாடகை கட்டத் தவறிய ஒரு கிடங்கின் பொருள்கள் 2007இல் ஏலத்துக்கு வந்தபோதுதான் அந்தப் பெட்டிகள் வெளியுலகுக்குத் தெரிந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் அவருடையவை என்று பின்னர் கண்டறியப்பட்டது. பல சுருள்கள் கழுவப்படாமலே கிடந்தன. 2009இல் அவர் இறந்த பிறகே புகழ் வந்தது. அவர் வாழ்க்கையை முன்மாதிரியாகக் கொள்ளச் சொல்ல மாட்டேன், ஏனெனில் எடுத்ததைத் தானும் பார்க்காமல் விடுவது பெரிய இழப்பு. ஆயினும் தெருவைப் பார்ப்பதிலேயே அவருக்கு முழு நிறைவு இருந்திருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஓராண்டுக்கு எதையும் வெளியிடாதீர்கள். ஒரே பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். புறநகர் ரயிலில் நீங்கள் ஏறும் நிலையம், உங்கள் தெருவின் கோலங்கள், அம்மாவின் கைகள், மொட்டை மாடியிலிருந்து தெரியும் வானம் என எதுவாகவும் இருக்கலாம். மாதம் ஒருமுறை அவற்றில் மிகச் சிலவற்றை மட்டும் தேர்ந்து, அஞ்சலட்டை அளவில் அச்சிட்டு, மேசையில் பரப்பி வைத்துப் பாருங்கள். திரையில் விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது தெரியாத குறையும் நிறையும் அச்சில் தெரியும். நம்பிக்கைக்குரிய இரண்டு மூன்று பேரிடம் அவற்றைக் கையில் கொடுத்து, எதை முதலில் எடுத்துப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒருவர் ஒரு படத்தை எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தார் என்பது உங்களுக்குச் சொல்லும் செய்தியை ஆயிரம் விருப்பக்குறிகள் சொல்லாது.

சந்தைகளிலும் திருவிழாக்களிலும் மக்களை எடுக்க விருப்பம். கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு போய்விடுகிறது. கேட்காமல் எடுத்தால் மனம் உறுத்துகிறது. கோயிலுக்குள் எடுக்கலாமா என்பதையும் தெளிவுபடுத்தவும்.
– வாசகர், ஈரோடு

அந்த உறுத்தலைக் காப்பாற்றி வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல படக்காரரின் அடையாளம். கூட்டத்தை, ஒரு நிகழ்வை, தெருவின் பொதுக்காட்சியை எடுப்பதற்கு ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் ஒருவருடைய முகமே படம் என்றாகும்போது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "பாட்டி, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டதும் அவர் நிமிர்ந்து விறைப்பாக அமர்வார், அதையும் எடுங்கள், ஏனெனில் தம்மை எப்படிக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று அவர் விரும்புகிறாரோ அந்தப் படம் அது. பிறகு பேசிக்கொண்டே கொஞ்சம் காய்கறியும் வாங்குங்கள். சற்று நேரத்தில் அவர் வியாபாரத்தில் மூழ்கிவிடுவார், நீங்கள் தேடிய இயல்பு அப்போது வரும். அடுத்த சந்தைக்கு அச்சிட்ட பிரதியோடு போய்க் கொடுங்கள். அதன்பின் அந்தச் சந்தையில் உங்களுக்குக் கதவு அடைக்கப்படாது.

மறைந்திருந்து தொலைநோக்கி லென்ஸால் பெண்களை எடுப்பது, குளிக்கும் துறைகளில் எடுப்பது, பெற்றோருக்குத் தெரியாமல் குழந்தைகளை எடுத்து வெளியிடுவது ஆகியவற்றை எந்தக் கலையின் பெயராலும் ஏற்க மாட்டேன். தெருவில் படுத்துக் கிடப்பவரையும் பிச்சை கேட்பவரையும் எடுப்பதைப் பற்றியும் என் கருத்து கடுமையானது. மறுக்கும் வலுவில்லாத ஒருவரின் துன்பத்தை நம் பொழுதுபோக்குக்குப் பயன்படுத்திக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. அவருடைய நிலையை மாற்றுவதற்கென்று எழுதும் பத்திரிகையாளரின் பணி வேறு.

கோயில்களைப் பொறுத்தவரை, 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் செல்பேசிகளுக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பாதிருப்பது அதற்கு முன்பிருந்தே வழக்கம். வாசலிலுள்ள அறிவிப்பைப் பார்த்து, ஐயமிருந்தால் அலுவலகத்தில் கேளுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் கேமராவைத் தாங்கும் முக்காலி பயன்படுத்துவதற்கு முன் அனுமதி பெற வேண்டும்.

எங்கள் பகுதிக்கு அருகில் கூந்தன்குளம் இருப்பதால் பறவைப் படங்களில் ஆர்வம் வந்திருக்கிறது. கூட்டில் குஞ்சுக்கு இரையூட்டும் காட்சியை நெருக்கத்தில் எடுக்க என்ன லென்ஸ் வாங்கலாம்?
– வாசகர், நாங்குநேரி

லென்ஸைப் பற்றிச் சொல்வதற்கு முன், கூட்டை நெருங்கி எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நாம் நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து போகும். அந்தச் சில நிமிடங்களில் வெயில் குஞ்சை வாட்டும், காகம் முட்டையைக் கொத்தும், காட்சிக்காக நாம் விலக்கிய கிளை பிறகு நிழல் தராது. முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் சேதப்படுத்துவதையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைக்கிறது. கூந்தன்குளத்தில் கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டுவதற்கு, தலைமுறைகளாக அவற்றைத் தொந்தரவு செய்யாமல் காத்து வரும் ஊர் மக்களே காரணம். ஊரார் நடந்து செல்லும் பாதையில் நின்று, பறவை தானே பழகியிருக்கும் தொலைவிலிருந்து எடுப்பதில் தவறில்லை. அதற்கு 300 மில்லிமீட்டர் வரை எட்டும் லென்ஸ் ஒன்றே அங்கே போதும்.

இந்தத் துறையில் நாம் பெருமையோடு நினைக்க வேண்டியவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர் 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு காடுகளில் நடந்து, கறுப்பு வெள்ளையிலேயே யானைகளையும் பறவைகளையும் எடுத்தார். 1950 முதல் 1996இல் மறையும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றி எழுதிவந்த அவருக்குத் தம் வீட்டைச் சுற்றித் திரியும் காகமும் அணிலும்கூட காட்டு யானைக்கு இணையான பொருளாகவே இருந்தன. படம் எடுத்த உயிர் எங்கே, என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதும் பழக்கத்தை நீங்களும் தொடங்குங்கள். எடுப்பதில் பாதி இன்பம் அந்த அறிவில் இருக்கிறது.

படங்கள் நன்றாக இருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். வேலையை விட்டுவிட்டுத் திருமணப் படங்கள் எடுக்கப் போகலாமா?
– வாசகர், விழுப்புரம்

அது மதிக்கத்தக்க தொழில், ஆனால் நீங்கள் இப்போது செய்வதன் தொடர்ச்சி அன்று. அங்கே வாடிக்கையாளர் விரும்பியதை, முகூர்த்தம் தவறாமல், ஒருமுறைகூடத் தவறவிடாமல் எடுத்தாக வேண்டும்; இரவும் பகலும் திருத்தும் வேலையும், பாக்கிப் பணத்துக்காக அலைவதும் உண்டு. பழக்கமான ஒரு படக்காரரிடம் விடுமுறை நாள்களில் ஒரு பருவம் முழுவதும் உதவியாளராகப் போய்ப் பாருங்கள். அந்த வேலை முடிந்து வந்த மறுநாள் காலை உங்களுக்காகப் படமெடுக்க மனம் வருகிறதா என்று கவனித்தால் விடை கிடைத்துவிடும்.

கடற்கரை ஊரில் இருக்கிறோம். பத்திரமாகத் தோல் பையில் பூட்டி வைத்திருந்த லென்ஸில் பூஞ்சை வந்துவிட்டது. இனி வராமல் தடுப்பது எப்படி?
– வாசகி, நாகப்பட்டினம்

பூட்டி வைத்ததுதான் காரணம். இருட்டு, ஈரம், காற்றோட்டமின்மை ஆகிய மூன்றும் சேர்ந்தால் பூஞ்சை வளரும்; தோல் பை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு அதற்கு வசதி செய்து தருகிறது. ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றையும் உள்ளே போட்டு, 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். நிறம் மாறும் சிலிகா மணிகளை வாங்கினால், நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் உலர்த்தி மறுபடியும் பயன்படுத்தலாம். அரிசியில் புதைத்து வைக்காதீர்கள், அதன் மாவுத் தூசி உள்ளே போகும். கடற்கரையில் எடுத்துவிட்டு வந்ததும் சற்றே ஈரமான துணியால் உப்பைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்துச் செல்லும்போது பையை உடனே திறந்தால் லென்ஸில் பனி படியும். பத்திருபது நிமிடம் பொறுத்துத் திறக்கவும். எல்லாவற்றையும்விட, வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் படமெடுங்கள்.

அப்பா நல்ல படக்காரர். அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களும் நெகட்டிவ்களும், 1980களின் வண்ணப் படங்களும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. வண்ணப் படங்கள் சிவந்து போய்விட்டன. என்னுடைய செல்பேசியிலோ பல்லாயிரம் படங்கள். இவற்றையெல்லாம் எப்படிக் காப்பது?
– வாசகர், திருச்சி

கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் வெள்ளித் துகள்களால் ஆனது, ஒழுங்காகக் கழுவப்பட்டிருந்தால் நூறாண்டும் நிற்கும். அக்கால வண்ணப் படங்களோ மூன்று சாயங்களால் ஆனவை. இருட்டில் வைத்திருந்தாலும் அவற்றுள் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடுவதால் எஞ்சியது சிவப்பாகத் தெரிகிறது. ஆகவே வண்ணப் படங்களை முதலில் ஸ்கேன் செய்யுங்கள், கறுப்பு வெள்ளை சற்றுக் காத்திருக்கும். அச்சுப் படங்களுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) போதும். 35 மில்லிமீட்டர் நெகட்டிவ்களுக்கு 2400க்குக் குறையாமல் வேண்டும். சிவப்பைக் கணினியில் பெருமளவு திருத்திவிடலாம், ஆனால் திருத்தாத மூலக் கோப்பை அப்படியே தனியாக வையுங்கள்.

நெகட்டிவ்களின் ஓரத்தில் 'இந்து' என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 1960இல் ஊட்டியில் நிறுவப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ஃபிலிம் அது. நம் ஊர்ப் படக்காரர்கள் பலரின் வாழ்க்கை அதில்தான் பதிவாகியிருக்கிறது. பெட்டியைத் திறந்ததும் புளித்த வினிகர் வாடை அடித்தால் ஃபிலிமின் அடிப்பொருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள்; அந்தச் சுருள்களை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, எல்லாவற்றுக்கும் முன்பாக அவற்றை ஸ்கேன் செய்யுங்கள். பசைத் தாளில் ஒட்டிப் பிளாஸ்டிக்கால் மூடும் வகை ஆல்பங்களிலிருந்து படங்களை வெளியே எடுங்கள். வராத படத்தை இழுக்காமல், பல் இடுக்கு நூலை அடியில் செலுத்தி மெல்ல அறுத்து எடுக்கலாம். சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டவற்றைப் பிரிக்க முயலாமல் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

செல்பேசிப் படங்களில் முதல் வேலை கழிப்பதுதான். ஒரே காட்சியின் இருபது பிரதிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். மிஞ்சியவற்றுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை மூலப்படம் என்று நினைத்துவிடாதீர்கள், அனுப்பும்போதே அது சுருக்கப்பட்டுவிடுகிறது. உறவினரிடமிருந்து பெறும்போது ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

வினிகர் வாடை அடிக்காதவற்றை ஸ்கேன் செய்யும் வேலையைப் பிறகுகூடச் செய்யலாம். அதற்கு முன் அப்பா காலத்துப் பெரியவர்கள் யாரேனும் இருந்தால், பெட்டியோடு அவர்களிடம் போய் உட்கார்ந்து, யார், எந்த ஊர், எந்தத் திருவிழா என்று கேட்டு, படத்தின் பின்புறம் ஓரமாக மென்மையான பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறும் என்பதால் அதைத் தவிர்க்கவும். பிறகு ஸ்கேன் செய்யும்போது அதே குறிப்பைக் கோப்பின் பெயரிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.